அமெரிக்காவுக்கு வெளியே நன்றியறிதல் நாள்: ஜெர்மனியில் ஒரு தாங்க்ஸ்கிவிங் விருந்தை நடத்துவது எப்படி

நியூ ஜெர்சியில் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்த பிறகு, வேலை மாறுதலில் குடும்பத்தோடு ஸ்டுட்கார்ட் நகருக்கு வந்தோம். அமெரிக்காவில் பிறந்த எங்கள் பிள்ளைகள் இருவருக்கும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அடுத்தபடியாக மனத்தில் பதிந்திருந்த நாள், நவம்பரின் நான்காம் வியாழக்கிழமை வரும் தாங்க்ஸ்கிவிங் என்னும் நன்றியறிதல் நாள்தான். அமெரிக்காவில் இருந்தவரை அந்த நாளுக்காக நாங்கள் பெரிதாக எதையும் செய்ததே இல்லை என்பது இங்கு வந்த பிறகே விளங்கியது. பள்ளியும் அலுவலகமும் தாமாக மூடின. நவம்பர் பிறந்ததுமே வான்கோழியையும் கிரான்பெர்ரியையும் கடைக்காரர்கள் கண்ணில் படும்படி அடுக்கி வைத்தார்கள். எத்தனை மணிக்குச் சாப்பாடு, எதற்காகக் கூடுகிறோம் என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வெளிநாட்டில் இந்த வேலைகள் அத்தனையும் கொண்டாடுபவர் தலையில்தான் விழுகின்றன. அவற்றை முன்கூட்டியே எண்ணிப் பிரித்துக்கொண்டால் விருந்து சிரமமின்றி நடக்கும் என்பதை ஏழு ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். ஜெர்மனிக்காக எழுதினாலும், ஆஸ்திரியாவிலோ சுவிட்சர்லாந்திலோ வாழ்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் படி: எந்த நாளில் கொண்டாடுவது

1863-இல் ஆபிரகாம் லிங்கன் நவம்பரின் கடைசி வியாழக்கிழமையை நன்றியறிதல் நாளாக அறிவித்தார். 1939-இல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அதை ஒரு வாரம் முன்னே நகர்த்தியதால் மாநிலத்துக்கு ஒரு தேதி என்ற குழப்பம் உண்டாகி, 1941-இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் இயற்றி நான்காம் வியாழன் என்று உறுதிசெய்தது. அந்தக் கணக்குப்படி 2026-இல் அது நவம்பர் 26 அன்று வருகிறது. ஜெர்மனியில் அது சாதாரண வேலை நாள். பெரியவர்கள் விடுப்பு எடுத்துக்கொள்ளலாம் என்றாலும், பள்ளி வருகை இங்கே சட்டப்படிக் கட்டாயம் என்பதால் பிள்ளைகளை நம் விருப்பப்படி வீட்டில் நிறுத்திக்கொள்ள முடியாது. பள்ளியிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும், கேட்டாலும் கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை.

ஆகவே விருந்தை வியாழனை அடுத்த சனிக்கிழமைக்கு மாற்றிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. ஞாயிற்றுக்கிழமையை நான் பரிந்துரைக்கமாட்டேன். அன்று கடைகள் மூடியிருக்கும், வெண்ணெய் தீர்ந்துபோனால்கூட வாங்க வழியில்லை. மேலும் அந்த ஞாயிறு பெரும்பாலும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் காலத்தின் முதல் ஞாயிறாக அமைந்துவிடுகிறது. ஜெர்மானியக் குடும்பங்கள் அன்று வீட்டில் முதல் மெழுகுவர்த்தியை ஏற்றுவார்கள். நன்றியறிதல் நாள் 22 அல்லது 23-ஆம் தேதியில் விழும் ஆண்டுகளில், உதாரணமாக 2028-இல், அந்த ஞாயிறு இறந்தோரை நினைக்கும் டோட்டன்சொன்டாக் ஆகிவிடும். வயதான அண்டை வீட்டார் கல்லறைக்குப் போய்வரும் அந்த நாளில் அவர்களை விருந்துக்கு அழைப்பது சரியாக இருக்காது.

வியாழக்கிழமையை அடியோடு விட்டுவிடவும் வேண்டாம். மேசிஸ் என்ற பெரிய கடை நியூயார்க்கில் 1924 முதல் நடத்திவரும் அணிவகுப்பு இங்கே பிற்பகல் 3 மணியையொட்டி நடக்கும். டெட்ராய்ட் லயன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் ஆட்டம் மாலை 7 மணியையொட்டித் தொடங்கும். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் பெரிய பலூன்கள் தெருவில் மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் சூடான ஆப்பிள் சாறு குடித்தால், சனிக்கிழமை வரையில் அவர்கள் மனம் அந்த நாளிலேயே இருக்கும். இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: அமெரிக்கத் தூதரகமும் துணைத் தூதரகங்களும் அந்த வியாழனன்று மூடியிருக்கும் என்பதால், பிள்ளைகளின் கடவுச்சீட்டுப் புதுப்பிப்பு போன்ற வேலைகளை அந்த வாரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாம் படி: அழைப்பைத் தெளிவாக எழுதுதல்

முதல் ஆண்டு நாங்கள் செய்த பெரிய பிழை இங்கேதான் நடந்தது. சனிக்கிழமை மாலை 4 மணிக்கு வாருங்கள் என்று மூன்று ஜெர்மானியக் குடும்பங்களை அழைத்திருந்தோம். சரியாக 4 மணிக்கு மூன்று குடும்பங்களும் வாசலில் நின்றன. ஆளுக்கொரு கேக்கும் கையில் இருந்தது. ஜெர்மனியில் வார இறுதியில் பிற்பகல் 3, 4 மணி என்றால் அது காபியும் கேக்கும் சாப்பிடும் வேளை. அவர்கள் எல்லோரும் நண்பகலில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார்கள், நாங்களோ காலையிலிருந்து பட்டினியாக ஐந்து கிலோ வான்கோழியோடு காத்திருந்தோம். பாவம், மரியாதைக்காக அவர்கள் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை நினைத்தால் இன்றும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

அழைப்பில் இதை ஒரு முழு வாக்கியமாகவே எழுதிவிடுங்கள்: "4 மணிக்குப் பெரிய சாப்பாடு இருக்கிறது, அன்று மதியம் லேசாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், இரவு வரை எங்களோடு இருங்கள்." எதற்கான விருந்து என்றும் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் எர்ன்டேடாங்க்ஃபெஸ்ட் என்ற அறுவடை நன்றி விழா பெரும்பாலும் அக்டோபரின் முதல் ஞாயிறன்று தேவாலயங்களில் நடப்பதால், அதுவா இது என்று கேட்பார்கள். அது வழிபாட்டைச் சார்ந்தது, இது வீட்டு மேசையைச் சார்ந்தது என்று சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். யாருக்கு இறைச்சி ஆகாது, யாருக்குப் பன்றி ஆகாது, யாருக்குக் கொட்டைகள் ஒத்துக்கொள்ளாது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். ஆளுக்கொரு பொருள் கொண்டுவரட்டுமா என்று கேட்பவர்களிடம் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அவரவர் வீட்டிலிருந்து ஒரு பாத்திரம் வந்து மேசையில் சேர்வது அமெரிக்காவிலும் இந்த விருந்தின் வழக்கம்தான்.

மூன்றாம் படி: வான்கோழி

ஜெர்மனியில் முழு வான்கோழி எல்லா நாளும் கடையில் இருக்காது. நவம்பர் 11 அன்று வரும் மார்ட்டின் திருநாளுக்காக இறைச்சிக் கடைகள் கூஸ் எனப்படும் பெரிய வாத்திலேயே கவனமாக இருக்கும். உறைந்த முழு வான்கோழிகள் கிறிஸ்துமஸை ஒட்டித்தான் பெரிய கடைகளில் குவியும். எனவே அக்டோபர் கடைசியிலேயே வீட்டருகே உள்ள இறைச்சிக் கடையில் சொல்லி வையுங்கள். வான்கோழியைக் குறிக்கும் பூட்டே என்ற ஜெர்மன் சொல்லை மட்டும் சொன்னால் நெஞ்சுக்கறித் துண்டுகளை எடுத்துக் காட்டுவார்கள். முழுப் பறவை வேண்டும், நிறை இத்தனை கிலோ, வெள்ளிக்கிழமை காலையில் எடுத்துக்கொள்கிறேன் என்று மூன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆளுக்கு 500 முதல் 700 கிராம் வரை கணக்கிட்டால் எட்டுப் பேருக்கு ஐந்து கிலோ போதும். அதற்கு மேல் ஆட்கள் வந்தால் பெரிய பறவையைத் தேடாமல், பேபிபூட்டே என்று விற்கப்படும் மூன்று, நான்கு கிலோப் பறவைகள் இரண்டை வாங்கி, இன்னொன்றைப் பக்கத்து வீட்டு ஓவனில் வைப்பது மேல்.

சொல்லி வைப்பதற்கு முன் ஓவனின் உட்புறத்தை அளந்துகொள்ளுங்கள். அமெரிக்க வீடுகளின் 76 சென்டிமீட்டர் அகல அடுப்புக்குப் பதிலாக இங்கே 60 சென்டிமீட்டர் அகலமுள்ள அடுப்புதான் பொதுவாக இருக்கும். தனியாக வறுக்கும் தட்டு வாங்கத் தேவையில்லை. ஓவனோடு வந்த ஆழமான தட்டு பக்கத் தண்டவாளங்களில் நேராக உட்காரும், அதில் வெங்காயமும் கேரட்டும் செலரியும் பரப்பி அவற்றின் மீது பறவையை வைத்தால் கீழே வழியும் சாறு கிரேவிக்கு ஆகும்.

உறைந்த பறவையாக இருந்தால் குளிர்பெட்டியின் உள்ளேயே உருக விட வேண்டும். இரண்டு கிலோவுக்கு ஒரு முழு நாள் என்பது கணக்கு, ஐந்து கிலோவுக்கு இரண்டரை நாள் ஆகும். சமையல் மேடையில் வெளியே வைத்து உருக்குவது ஆபத்தானது. குழாயடியில் கழுவவும் கூடாது. கோழி வாங்கினால் மஞ்சள் போட்டு மூன்று முறை அலசும் கை நமக்கு. ஆனால் பச்சைக் கறியைக் கழுவும்போது தெறிக்கும் துளிகளால் கிருமி தொட்டியெங்கும் பரவுகிறது என்பதால், காகிதத் துணியால் ஒற்றியெடுத்தால் போதும். முந்தைய நாளே ஒரு கிலோவுக்குச் சுமார் 10 கிராம் என்ற கணக்கில் உப்பைத் தோலிலும் வயிற்றுக்குள்ளும் தேய்த்து, மூடாமல் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். உப்பு உள்ளே இறங்கும், தோல் உலர்ந்து மறுநாள் மொறுமொறுப்பாகச் சிவக்கும்.

அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் வரும் 325 டிகிரி ஃபாரன்ஹீட் என்பது ஏறக்குறைய 165 டிகிரி செல்சியஸ். இது மேலும் கீழும் சூடேறும் ஓபர்-உண்டர்ஹிட்ஸே முறைக்கான எண். காற்றைச் சுழற்றும் ஊம்லுஃப்ட் முறையில் 20 டிகிரி குறைத்துக்கொள்ள வேண்டும். ஸ்டஃபிங் என்னும் ரொட்டிப் பூரணத்தை வயிற்றுக்குள் அடைக்காமல் தனித் தட்டில் சுடுங்கள். உள்ளே ஏதும் அடைக்காத ஐந்து கிலோப் பறவை மூன்று மணி நேரத்தில் வெந்துவிடும். ஆனாலும் கடிகாரத்தை நம்பாமல் வெப்பமானியை நம்புங்கள். தொடையின் தடித்த பகுதியில், எலும்பில் படாமல் குத்திப் பார்க்கும்போது 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும்; நெஞ்சிலும் அதே அளவு வர வேண்டும். வெளியே எடுத்த பிறகு அரைமணி நேரம் ஆறவிட்டு வெட்டினால் சாறு தட்டில் ஓடாது.

நான்காம் படி: கிடைக்காதவற்றுக்கு மாற்று

விமானத்தில் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வரலாம் என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சிப் பொருள்களையும் பால் பொருள்களையும் தனிப்பட்ட முறையில் கொண்டுவரத் தடை உண்டு, தபாலில் அனுப்புவதற்கும் அது பொருந்தும். டப்பாப் பரங்கிக்காய் விழுது வரலாம், சுண்டிய பால் வரக்கூடாது. ஸ்டுட்கார்ட், ராம்ஸ்டைன் போன்ற இடங்களில் அமெரிக்கப் படைத்தளத்துக் கடைகள் உண்டு. ஆனால் அங்கே வரியின்றி வாங்கிய பொருளை அந்த உரிமை இல்லாத நம்மைப் போன்றவருக்குக் கைமாற்ற அனுமதி இல்லை என்பதால், தளத்தில் வேலை செய்யும் நண்பர்களை அந்தச் சங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள். அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த மிக்ஸர், மின்சார வறுகலன் ஆகியவற்றையும் மறந்துவிடுங்கள். 120 வோல்ட்டுக்குச் செய்த கருவியை 230 வோல்ட்டில் சொருகினால் எரிந்துபோகும்.

பை (pie) என்னும் இனிப்புப் பண்டம் செய்வதற்கான பரங்கிக்காய்க்கு, ஜெர்மனியில் கிடைக்கும் ஹொக்கைடோ பூசணி டப்பாவைவிட மேலானது என்று துணிந்து சொல்வேன். இரண்டாகப் பிளந்து விதை நீக்கி 200 டிகிரியில் முக்கால் மணி நேரம் சுட்டால் கரண்டி பட்டதும் குழையும். தோலும் மென்மையாக இருப்பதால் அப்படியே அரைத்துவிடலாம். பட்டர்நட் வகையில் தண்ணீர் அதிகம், அரைத்த விழுதை வெள்ளைத் துணியில் கட்டி இரண்டு மணி நேரம் வடியவிட வேண்டும். ஒரு பைக்கு 425 கிராம் விழுது, இரண்டு முட்டை, 150 கிராம் சர்க்கரை, 350 மில்லிலிட்டர் சுண்டிய பால் தேவை. சுண்டிய பால், கொண்டென்ஸ்மில்ஹ் என்ற பெயரில் காபிக்காக எல்லாக் கடையிலும் இருக்கிறது, இனிப்பில்லாததா என்று பார்த்து வாங்குங்கள். பம்ப்கின் பை மசாலா என்று அமெரிக்கக் கடைகளில் சின்னக் குப்பியில் விற்பது, நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும் பட்டை, சுக்கு, கிராம்பு, ஜாதிக்காய்தான். சுக்கை அன்றே இடித்துச் சலித்துச் சேர்த்துப் பாருங்கள். அந்தக் காரம் குப்பிப் பொடியில் இருக்கவே இருக்காது. இந்தக் கலவையைப் பை மாவில் ஊற்றி, 220 டிகிரியில் 15 நிமிடமும் 175 டிகிரியில் 45 நிமிடமும் சுட வேண்டும். வெள்ளிக்கிழமை மாலையே இதை முடித்துவிடலாம்.

அமெரிக்கக் குறிப்புகளில் வரும் ஈரமான பழுப்புச் சர்க்கரையை இங்கே தேடி நான் அலைந்திருக்கிறேன். ஜெர்மானியப் பழுப்புச் சர்க்கரை உலர்ந்த மணிகளாக இருக்கும், அது வேறு பொருள். ஈழத் தமிழர்கள் நடத்தும் கடையில் கிடைக்கும் நாட்டுச் சர்க்கரை அந்த இடத்தில் அச்சாகப் பொருந்துகிறது. சர்க்கரைவள்ளிக் கிழங்கும் அங்கேயே கிடைக்கும்; வத்தாளங்கிழங்கு என்று கேட்டால் கடைக்கார அண்ணர் நல்லதாகப் பார்த்து எடுத்துத் தருவார். வெள்ளைச் சதையும் செம்மஞ்சள் சதையும் என இரண்டு வகை இருக்கும், அமெரிக்க விருந்துக்குச் செம்மஞ்சள் சதையுள்ளதே வேண்டும்.

கிரான்பெர்ரி நவம்பரில் புதிதாகவே பல கடைகளுக்கு வருகிறது. 340 கிராம் பழத்தை 200 கிராம் சர்க்கரை, ஒரு குவளைத் தண்ணீரோடு அடுப்பில் ஏற்றுங்கள். சில நிமிடங்களில் எண்ணெயில் கடுகு வெடிப்பது போல ஒவ்வொன்றாக வெடிக்கத் தொடங்கும். அந்தச் சத்தம் அடங்கியதும் இறக்கிவிட்டால் ஆறும்போது தானாக இறுகும். பழம் கிடைக்காவிட்டால் ப்ரைசல்பேரே என்ற சிறு காட்டுப் பழத்தின் புட்டியை வாங்கிக்கொள்ளலாம். ஜெர்மானியர்கள் மான் கறிக்கு அதைத்தான் தொட்டுக்கொள்வார்கள் என்பதால், விருந்தினருக்கு இது அந்நியமாகத் தோன்றாது. அளவுகளில் ஒரு குறிப்பு: அமெரிக்கக் கோப்பை என்பது 240 மில்லிலிட்டர், வெண்ணெயில் ஒரு ஸ்டிக் என்பது 113 கிராம்.

ஐந்தாம் படி: அன்றைய நேரக் கணக்கு

சாப்பாட்டு நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 4 மணிக்கு இலை போடுவதானால், அதாவது தட்டு வைப்பதானால், 3.15-க்கு வான்கோழி வெளியே வர வேண்டும், 12 மணிக்கு உள்ளே போக வேண்டும், 11 மணிக்குக் குளிர்பெட்டியிலிருந்து எடுக்க வேண்டும். பறவை ஆறும் முக்கால் மணி நேரத்தில்தான் ஸ்டஃபிங்கும் சர்க்கரைவள்ளியும் ஓவனுக்குள் போகும். இருப்பது ஒரே ஓவன் என்பதால் இந்த வரிசை பிசகக் கூடாது. உருளைக்கிழங்கு மசியலும் கிரேவியும் அடுப்பின் மேல் நடக்கட்டும். இரவு 10 மணிக்குப் பிறகு ஜெர்மனியில் அமைதி நேரம் தொடங்குவதால், பிள்ளைகளின் ஓட்டமும் ஆட்டமும் அதற்குள் அடங்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

4 மணி என்பதில் இன்னொரு வசதியும் உண்டு. அப்போது நியூ ஜெர்சியில் காலை 10 மணி, மதுரையில் இரவு 8.30. அங்கே விட்டுவந்த நண்பர்களையும் ஊரில் இருக்கும் அம்மாவையும் ஒரே அழைப்பில் மேசைக்கு அருகே கொண்டுவர முடிகிற நேரம் அந்த நாளில் அதிகம் இல்லை.

ஆறாம் படி: மேசையில் சொல்ல வேண்டியது

விருந்தினர்கள் கதையைக் கேட்பார்கள், முழுதாகச் சொல்லுங்கள். 1621-இல், இன்றைய மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிளிமத்தில் ஆங்கிலேயக் குடியேறிகள் தங்கள் முதல் அறுவடையை அந்த மண்ணின் பூர்வகுடிகளான வாம்பனோவாக் மக்களோடு சேர்ந்து உண்டார்கள். அந்தக் குடியேறிகளில் பலர் அதற்கு முன் பத்தாண்டுக்கும் மேலாக நெதர்லாந்தின் லெய்டன் நகரில் வாழ்ந்தவர்கள். அதை நினைவுகூர்ந்து இன்றும் லெய்டனின் பீட்டர்ஸ்கெர்க் தேவாலயத்தில் நன்றியறிதல் நாள் காலையில் வழிபாடு நடக்கிறது. உணவு தந்த வாம்பனோவாக் மக்கள் பின்னர் நிலத்தையும் உயிர்களையும் இழந்தார்கள். அதனால் 1970 முதல் அதே பிளிமத்தில் பூர்வகுடி மக்கள் அந்த நாளைத் துக்க நாளாக அனுசரித்துவருகிறார்கள். இதைப் பிள்ளைகளிடமிருந்து மறைத்து வைத்தால் நன்றி என்ற சொல்லுக்கே பொருள் இல்லை என்பது என் எண்ணம்.

அடுத்தது, மேசையைச் சுற்றி ஒவ்வொருவரும் எதற்கு நன்றியுள்ளவர் என்று சொல்லும் வழக்கம். அமெரிக்காவில் பிள்ளைகள் அதை ஆங்கிலத்தில் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். தமிழில் எங்களுக்கு அது நாவில் வரவில்லை. வீட்டுக்குள் ஒருவருக்கொருவர் நன்றி என்று சொல்லிக்கொள்வது நம்மிடம் இல்லை. அம்மாவிடம் சொன்னால் ஏதோ கணக்கை முடித்துக்கொள்வது போல ஆகிவிடுகிறது. அதனால் கேள்வியை மாற்றினேன்: "இந்த வருஷம் உனக்குக் கை கொடுத்தது யாரு?" இந்தக் கேள்வியைத் தமிழிலும் ஜெர்மனிலும் கேட்கலாம், எட்டு வயதுப் பிள்ளைக்கும் பதில் இருக்கும்.

முதல் ஆண்டு எங்கள் மகள் மொழி தெரியாமல் மூன்று மாதங்களாகப் பள்ளிக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். அவள் சொன்ன பதில் இது: "என் பக்கத்துல உக்கார்ற பொண்ணு. டீச்சர் பேஜ் நம்பர் சொன்னதும் அவ விரலை வச்சுக் காட்டுவா." அந்தப் பெண்ணைப் பற்றி அதுவரை அவள் எங்களிடம் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. கீழ் வீட்டில் தனியாக வாழும் மூதாட்டி தம் முறை வந்தபோது, காலையிலிருந்து படிக்கட்டெங்கும் வாசனை வந்துகொண்டிருந்ததாகவும், கணவர் இறந்த பிறகு இந்தக் கட்டிடத்தில் அப்படி ஒரு வாசனை வந்ததில்லை என்றும் மட்டும் சொன்னார். யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள், பேச விரும்பாதவர் தலையசைத்தால் அடுத்தவருக்குப் போகட்டும். சூடு ஆறும் என்று அவசரப்படவும் வேண்டாம், கிரேவியை மறுபடி சூடாக்கிக்கொள்ளலாம்.

ஏழாம் படி: மறுநாளுக்காக

சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் மீதியைக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள், மூன்று நான்கு நாளில் தீர்த்துவிடுங்கள். விருந்தினர்கள் புறப்படும்போது ஆளுக்கொரு டப்பாவில் கட்டிக் கொடுப்பது இந்த நாளின் ஒரு பகுதியே. அதற்கான டப்பாக்களை முன்னரே வாங்கி வையுங்கள். ஞாயிறன்று கடை இல்லை என்பதால் சாண்ட்விச்சுக்கு வேண்டிய ரொட்டியைச் சனிக்கிழமையே எடுத்து ஒதுக்குங்கள். எலும்புகளை மிளகும் சீரகமும் பூண்டும் இட்டு மூன்று மணி நேரம் கொதிக்கவிட்டால் அந்தக் குளிருக்கு ஏற்ற சூப் கிடைக்கும்.

கையோடு ஒரு தாளில் அந்த ஆண்டின் விவரங்களை எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் ஏழு தாள்கள் இருக்கின்றன. பறவையின் நிறை, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், எது மிஞ்சியது, எது போதவில்லை, யார் வந்தார்கள் என்பவை அவற்றில் இருக்கும். கடைசித் தாளில் மகளின் கையெழுத்தில் இரண்டு வரிகள் உள்ளன: பை இரண்டு செய்ய வேண்டும், கீழ் வீட்டுப் பாட்டிக்குப் படியேற முடியவில்லை, அடுத்த முறை மேசையை அவர் வீட்டில் போட வேண்டும்.